வயலின் கூட்டத்துக்கு நடுவே ஒரு லீட் கிட்டார்: கேள்வியும் பதிலும்

போலந்து நாட்டு கதான்ஸ்க் நகரத்தின் கப்பல் கட்டும் தளத்தில், 2006 ஆகஸ்ட் 26 அன்று பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோர், வயலின் முதலான கருவிகள் சேர்ந்த பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த கச்சேரி வீடியோ போன வாரம் நம் பக்கத்துப் பையன்களிடம் கைமாறிக் கைமாறி ஓடியது. கடைசியில் வரும் 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' பாட்டின் இரண்டாவது சோலோவை (கிட்டாரின் தனி வாசிப்பை) பற்றித்தான் முக்கால்வாசிப் பேருக்குக் கேள்வி. நான் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மைக்செட் போடுகிறவன், மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டாரும் வாசிக்கிறவன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அவரு வேகமா ஒண்ணுமே வாசிக்கலையே. எதுக்கு எல்லாரும் இப்படி உருகுறாங்க?

வேகம் இல்லை என்பதுதான் விஷயமே, தம்பி. பின்னால் அத்தனை பேர் நீளநீளமாக வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒருவர் பொரிந்து தள்ளினால் இரண்டும் ஒட்டாது. கில்மோர் ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், அதில் நிற்கிறார், அடியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும்வரை விடுவதில்லை. சுரம் அதேதான், ஆனால் அடியில் கார்டு மாறியதும் அதன் முகமே மாறிவிடுகிறது. நம் உடம்பு சிலிர்ப்பது அந்த இடத்தில்தான்.

கிட்டார் வைத்திருந்தால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பி மைனரில் தொடங்கி ஏ, ஜி என்று இறங்கி, ஈ மைனரைத் தொட்டுவிட்டுத் திரும்ப பி மைனருக்கு வரும். சோலோ முழுக்க இதே சுற்றுதான். நண்பர் யாராவது இந்தக் கார்டுகளைப் போடட்டும். நீங்கள் பி சுரத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருங்கள். பி மைனரில் அது வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஏ வந்ததும் இருப்புக்கொள்ளாது. ஜி வந்ததும் இனிக்கும். ஒரே சுரத்தில் இத்தனை இருக்கிறது என்று தெரிந்தவருக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை.

பிடிகள் பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள்தான். பி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, க, ம, ப, நி: நம் சுத்த தன்யாசியின் சுரங்கள். நடுநடுவே ரி, த எட்டிப் பார்க்கும்போது நடபைரவி வாசம் வரும். அதற்காக அவர் நம் ராகத்தை வாசிக்கிறார் என்று கிளம்பிவிடாதீர்கள். சுரங்கள் ஒன்று, நடை வேறு.

கீழக்கரையிலிருந்து: நான் அடிச்சா 'டொய்ங்'னு ரெண்டு செகண்டுல செத்துப்போகுது. அவருக்கு மட்டும் எப்படி அண்ணே அவ்வளவு நேரம் நிக்குது?

மீட்டி வாசிக்கிற எந்தக் கருவிக்கும் இந்தக் குறை உண்டு. விரல் பட்ட நொடியில் சத்தம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறக்கம்தான். வயலினுக்கு வில் இருக்கிறது, நாதஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது. சாதாரணக் கிட்டார் இந்தக் கூட்டத்தோடு நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

எலெக்ட்ரிக் கிட்டார் தப்பிப்பது ஓவர்டிரைவால். ஆம்புக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு, தாங்காத அளவு சிக்னலை உள்ளே தள்ளினால் உச்சம் வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. கம்பியின் ஆட்டம் பாதியாகக் குறைந்தாலும் அந்த வெட்டுக்கோட்டுக்கு மேலேயே இருப்பதால், வெளியே வரும் சத்தம் குறைந்த மாதிரி தெரியாது. கூடவே, ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் காற்றில் வந்து அதே கம்பியைத் திரும்ப ஆட்டும். மைக்கில் வந்தால் 'கூவுது, குறைங்க' என்று ஊரே கத்துகிற ஃபீட்பேக், கிட்டாரில் சரியான இடத்தில் நின்று பிடித்தால் சங்கீதம். கில்மோர் 'பிக் மஃப்' என்ற, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலையும் எதிரொலி தரும் டிலேயையும் ஹைவாட் கம்பெனி ஆம்பையும் வைத்துத்தான் அந்தத் தொனியைப் பிடித்தார். வில் இல்லாத ஒரு கருவிக்கு மின்சாரம் வில் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பில் கெய்னை (சிக்னலை உள்ளே தள்ளுகிற அளவை) ஏற்றி வால்யூமை இறக்குங்கள். அப்புறம் இடது கை விரலைக் கம்பியிலிருந்து சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். பாதிப் பேருக்குச் சுரம் சாவது விரலால்தான், ஆம்பால் இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து, நாதஸ்வரக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர்: தம்பி, கம்பியை மேலே தள்ளித் தள்ளி வாசிக்கிறாரே, அது கமகம்தானே?

ஐயா, பக்கத்தில் வருகிறது, ஆனால் அதே இல்லை. வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை ஏற்றுவது போலத்தான் இந்த பெண்டிங்கும். கீழ்ச்சுரத்தில் மீட்டி, மேல்சுரம்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நிறுத்தி ஆட்டுவார். அந்த ஆட்டத்துக்குச் சில சமயம் கிட்டாரில் எல்லாக் கம்பியையும் சேர்த்து ஆட்டுகிற டிரெமலோ கைப்பிடியையும் லேசாக அசைப்பார். நம் கமகத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் இன்ன சுரம் இன்ன மாதிரி அசைய வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. அவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர் போவது பாட்டுக்காரர் குரலை இழுக்கிற வழியில்.

உங்களைப் போன்றவர்கள் காதுக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இன்னும் நெருக்கமாக இருப்பார். சாதா மாண்டலினில் நாதம் நிற்காது, கமகம் பிடிக்காது என்றுதான் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு அவர் போனார். கில்மோரும் அவரும் போன ஊர் வேறுவேறு, ஆனால் இரண்டு பேருக்கும் கைகொடுத்தது கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஆம்பும்தான்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு ஆசிரியை: அந்த சோலோ எழுதி வைத்ததா, அப்போதைக்கு வருவதா?

இரண்டுக்கும் நடுவில், அக்கா. 1979இல் பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்துக்குப் பதிவு செய்தபோது சோலோவைப் பல தடவை வாசித்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பிடிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க மனப்பாடமாக இருக்கும் சோலோ அந்தப் பொறுக்கலில் பிறந்ததுதான். மேடையில் அதன் தலையையும் சில முக்கியமான பிடிகளையும் வைத்துக்கொண்டு, மீதியை அன்றைய மனசுக்கு விட்டுவிடுவார்.

ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் முன்னால் தாளில் எழுதியது இருக்கிறது, அதைத்தான் வாசிக்க வேண்டும். கதான்ஸ்கில் கோலைப் பிடித்து ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஸ்பிக்னியெவ் பிரைஸ்னர், போலந்தின் சினிமா இசையமைப்பாளர். கில்மோரின் 'ஆன் அன் ஐலண்ட்' ஆல்பத்துக்கு வயலின் பகுதிகளை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' பாட்டின் மூலப் பதிவில் ஆர்கெஸ்ட்ரா பகுதியை அமைத்தவர் மைக்கேல் கேமன் என்ற அமெரிக்கர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1990, 91இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராக் கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தபோதும், 1999இல் மெட்டாலிகா ராக் குழு சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தபோதும் கோல் அவர் கையில்தான். ராக் கிட்டாரையும் வயலின் கூட்டத்தையும் சேர்த்து உட்காரவைக்க அவரைப் போல யாருக்கும் தெரியவில்லை என்பது என் கட்சி.

தேவிபட்டினத்திலிருந்து: இதை முதல்ல ஆரம்பிச்சது யாரு?

முதல் என்று சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் பெரிய அளவில் துணிந்தது டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு. 1969 செப்டம்பர் 24, ராயல் ஆல்பர்ட் ஹால், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் மால்கம் அர்னால்ட். மூன்று பாகம் கொண்ட அந்தக் கான்செர்ட்டோவை (தனி வாசிப்புக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதுகிற நீண்ட இசையை) எழுதியவர் கீபோர்டு வாசித்த ஜான் லார்ட். கிட்டார் ரிச்சி பிளாக்மோர். முதல் பாகத்தில் இரண்டு கட்சியும் ஒன்றோடு ஒன்று மோதுகிற மாதிரிதான் லார்டே அமைத்தார், சேர்ந்து வாசிப்பது குறைவு. பிளாக்மோரின் சோலோ வரும்போது ஆர்கெஸ்ட்ரா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அபாரமான வாசிப்புதான், ஆனால் எனக்கு அது ஒரே மேடையில் நடந்த இரண்டு கச்சேரி.

அதன் பிறகு நடந்தது கதை மாதிரி இருக்கும். 1970இல் அந்த ஸ்கோர் (இசைக்குறிப்பு) தாள்கள் தொலைந்தே போயின. மார்கோ டி ஹூய் என்ற டச்சு இசையமைப்பாளர் பழைய பதிவைக் கேட்டும் பார்த்தும் சுரம் சுரமாகத் திரும்ப எழுதினார். 1999இல் அதே ஹாலில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி அரங்கேறியது. அப்போது கிட்டாரில் ஸ்டீவ் மோர்ஸ்.

ஏர்வாடியிலிருந்து: இங்வே மால்ம்ஸ்டீனை விட்டுட்டீங்களே?

விடவில்லை. சுவீடன் நாட்டு ராக் கிட்டார்க்காரர் அவர், ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே முழு கான்செர்ட்டோ எழுதி, செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்து, 2001இல் ஜப்பானில் மேடையிலும் வாசித்தவர். ஃபிரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளுக்கு) நடுவே மரத்தைக் குடைந்து எடுத்த கிட்டார் அவருடையது. விரல் மரத்தில் படாது, கம்பியை இஷ்டத்துக்குத் தள்ளலாம். கை வித்தையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. பத்து நிமிஷத்துக்கு மேல் கேட்டால் எனக்குப் பசி எடுக்கிறது, அவ்வளவுதான்.

தொண்டியிலிருந்து, மைக்செட் தொழில் நண்பர்: நம்ம கையில் இப்படி ஒரு மேடையைக் கொடுத்தா எப்படிச் சமாளிக்கிறது மாப்ளே?

வா மாப்ளே, இப்போதுதான் உருப்படியான கேள்வி. முதல் எதிரி டிரம்ஸ். வயலினுக்கு வைத்த மைக் எல்லாம் வயலினை விட டிரம்ஸைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால்தான் இந்த மாதிரி மேடைகளில் டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தடுப்பு நிற்கிறது, வயலின் ஒவ்வொன்றிலும் ஒட்டுகிற குட்டி மைக் இருக்கிறது. கிட்டார் ஆம்பை வயலின்காரர் காதுக்கு நேராகத் திருப்பி வைத்தால் முதல் ரிகர்சலிலேயே சண்டை வரும்.

இரண்டாவது, தூரம். சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் போகிறது. மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 17 மீட்டர் இருந்தால் வினாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம். காதை நம்பி வாசித்தால் பின்வரிசை பின்னாலேயே வரும். ஆர்கெஸ்ட்ராக்காரர் கோலைப் பார்க்கிறார், ராக் குழுக்காரர் டிரம்ஸைக் கேட்கிறார். இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நடைமுறையில் கோல்தான் டிரம்ஸுக்கு வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சுருதி. ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ என்ற ஊதுகருவி கொடுக்கிற ஏ சுரத்துக்கு எல்லோரும் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் அது வினாடிக்கு 440 அதிர்வு இல்லை, 442. கிட்டார்க்காரன் டியூனரை 440இலேயே விட்டால், நீளமாகப் பிடிக்கிற ஏ சுரத்தில் வினாடிக்கு இரண்டு தடவை அலை அடிக்கும். வேகமாக ஓடினால் இது தெரியாது. நின்று வாசித்தால் மானம் போய்விடும்.

சாயல்குடியிலிருந்து: அந்தக் கறுப்புக் கிட்டார் என்ன விலை இருக்கும் அண்ணே?

கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏலம் போனது, 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு. அந்த ஏலத்தில் வந்த பணம் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குப் போனது. உங்களுக்கு அதே உருவத்தில் ஒரு சாதாரணக் கிட்டார் போதும், தம்பி. மிச்சக் காசில் நல்ல ஆம்ப் வாங்குங்கள்.

ஓலைக்குடாவிலிருந்து: கம்பி மாத்தி ஒரு மாசம் ஆகல, துருப்பிடிச்சுருச்சு. என்ன செய்ய?

கடலோரத்தில் கிட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே அழுகைதான், கச்சான் காற்று காலத்தில் கேட்கவே வேண்டாம். முதலில் போவது மெல்லிய மூன்று கம்பி. விரலால் தடவினால் சொரசொரப்பு, அடியில் பார்த்தால் கரும்புள்ளி. அந்தக் கம்பியில் பெண்டிங் செய்தால் ஃபிரெட்டையும் அரத்தால் ராவிய மாதிரி தேய்த்துவிடும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியும் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புதான். கிட்டாரைச் சுவரில் மாட்டாதீர்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மேற்பூச்சுக் கொடுத்த கம்பி விலை கூடுதல், ஆனால் இந்தக் காற்றுக்கு அதுதான் கட்டுபடியாகும். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அழுக்கைச் சேர்த்துச் சத்தத்தை மழுக்கிவிடும். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே உப்புக்காற்று போய்விட்டது என்று அர்த்தம். காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலு திருகு திருகினால் சரியாகும்.

மண்டபத்திலிருந்து: நம்ம ஊர்ல யாரும் இப்படிப் பண்ணலையா?

இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்துவிட்டு இதைக் கேட்கலாமா? கிட்டாரும் வயலின் கூட்டமும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்கிற பாடத்தை நாம் டீக்கடை ரேடியோவிலேயே படித்துவிட்டோம். அவரே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியவர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியதும் தெரிந்ததே. ஆனால் ஒரு லீட் கிட்டார்க்காரரை நடுமேடையில் நிறுத்தி, முழு ஆர்கெஸ்ட்ராவையும் அவருக்குப் பின்னால் உட்காரவைத்த பெரிய கச்சேரி நம்மிடம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. வர வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து, பாடகர் குழுத் தம்பி: திருவிழாவுக்குக் கீபோர்டுல ஸ்ட்ரிங்ஸ் வச்சு இந்த மாதிரி ஒரு சோலோ போடலாமா?

தாராளமாக. இரண்டு விஷயம் மட்டும். கீபோர்டுக்காரர் இரண்டு கையாலும் கார்டை அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. இடது கையில் ஒரே ஒரு அடிச்சுரம், வலது கையில் இரண்டு சுரம், அவ்வளவு போதும். கிட்டார் உலாவுகிற நடு ஆக்டேவை (மத்திய ஸ்தாயியை) காலியாக விட வேண்டும். அடுத்து, ஸ்ட்ரிங்ஸ் சத்தம் மெதுவாக ஏறி வருகிற மாதிரி வைத்திருந்தால் அரை நொடி முன்னாலேயே அமுக்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் கார்டு மாறுகிற இடத்தில் உங்கள் சுரம் அநாதையாக நிற்கும்.

நீங்கள் முதல் வாரம் முழுக்க ஒரு கார்டுக்கு ஒரு சுரம் என்று மட்டும் வாசியுங்கள். கை அரித்தாலும் இரண்டாவது சுரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீபோர்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வால்வு ஆம்ப் ஒன்று என்னிடம் சும்மாதான் கிடக்கிறது.