அச்சம் எப்போது வந்தது, எப்போது போனது? – வாசகர் கேள்வி பதில்

கொரோனாவைப் பற்றி எழுதினால் இனி யார் படிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அண்மையில் வந்த கடிதங்களில் பல, நோயைப் பற்றி அல்லாமல், அந்த நோயை நாம் எப்போது பெரிதாக எடுத்துக்கொண்டோம், எப்போது விளையாட்டாக எடுத்துக்கொண்டோம் என்பதைப் பற்றியே கேட்டிருக்கின்றன. ஆகவே இம்முறை எல்லாக் கேள்விகளும் அந்த ஒரே பொருளைப் பற்றியவை.

கேள்வி (திருச்சிராப்பள்ளி வாசகி): 2020 பிப்ரவரியில் நான் முகக்கவசம் வாங்கி வந்தபோது என் அப்பா சிரித்தார். ஏப்ரலில் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அடுத்த தை மாதம் கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நான்கு கல்யாணங்களுக்குப் போய் வந்தார். மே மாதம் வாசற்கதவைத் திறக்கவே விடவில்லை. ஒரே மனிதர் பதினைந்து மாதங்களுக்குள் நான்கு விதமாக நடந்துகொண்டது அறியாமையா?

பதில்: அறியாமை என்று சொல்லிவிட்டால் எளிதாக முடிந்துவிடும், ஆனால் அது சரியான விடை அன்று. உங்கள் அப்பா கடந்த நான்கு நிலைகளையும் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகள் ஏறத்தாழ அதே வரிசையில் கடந்தன. என் வீடும் அவற்றுள் ஒன்று.

முதலில் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். 2003-இல் சார்ஸ் என்ற பெயரைச் செய்தித்தாளில் படித்தோம். அது நம் தெருவுக்கு வரவில்லை. 2009 ஜூன் 11 அன்று பன்றிக் காய்ச்சலை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆகஸ்டில் புனேயில் நாட்டின் முதல் மரணம் நிகழ்ந்ததும் அந்நகரத்து மருந்துக்கடைகளில் முகக்கவசம் கிடைக்காமல் போயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்று அதே நிறுவனம் அறிவித்தபோது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. நோயாளிகளுடன் பழகியவர்களை ஒருவர் விடாமல் தேடிப் பிடித்துக் கண்காணித்ததால் அது சில வாரங்களில் அடங்கியது. நாள்தோறும் செய்தித்தாள் படிக்கும் ஒரு பெரியவர், புதிய வைரஸின் பெயர் வரும், நான்கு நாள் பரபரப்பு இருக்கும், பிறகு போய்விடும் என்று தம் அனுபவத்திலிருந்தே முடிவு செய்திருப்பார். அந்த அனுபவம் பொய்யன்று. ஆனால் இருமலும் காய்ச்சலும் தொடங்குவதற்கு முன்பே பிறருக்குத் தொற்றக்கூடிய இயல்பு புதிய வைரஸுக்கு இருந்ததால், நோயாளியைக் கண்டுபிடித்து வேலி கட்டும் பழைய முறை இங்கே எடுபடவில்லை. மேலும், உடல்நலத்துடன் இருப்பவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றுதான் 2020 மார்ச் மாதத்தில் அறிவுடைய வட்டாரங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய அரசு வீட்டில் தைத்த துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கும் கவசத்தைப் பரிந்துரைக்க ஜூன் 5 ஆயிற்று. பிப்ரவரியில் உங்கள் அப்பா சிரித்ததை அந்த நாட்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது, மூன்றாவது நிலைகள். விந்தை இங்கேதான் இருக்கிறது. மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்தியாவில் உறுதியான தொற்றுகள் 500-ஐச் சற்றே தாண்டியிருந்தன. நாம் செய்தித்தாளை நிறுத்தினோம், காய்கறியை மஞ்சள்நீரில் ஊறவைத்தோம், வாசலில் வேப்பிலை செருகினோம், கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்றோம். செப்டம்பர் நடுவில் ஒரே நாளில் 97,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரத்தில் நாம் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்தில் போகத் தொடங்கியிருந்தோம். நோய் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே அச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆபத்தைப் பொதுமக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக், 1987-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், புதியதும் கண்ணுக்குத் தெரியாததும் நம் கட்டுப்பாட்டில் இல்லாததுமான ஆபத்து மக்களை மிகுதியாக அச்சுறுத்துகிறது என்று விளக்கியிருக்கிறார். மார்ச் மாதத்துக் கொரோனாவுக்கு அத்தனை இயல்புகளும் இருந்தன. செப்டம்பர் மாதத்துக் கொரோனாவோ பக்கத்துத் தெருக்காரருக்கு வந்து, பதினான்கு நாளில் போய், அவர் மறுபடியும் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்த நோயாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஒரு நாளைய எண்ணிக்கை 11,000 அளவுக்கு இறங்கியது; தடுப்பூசியும் ஜனவரி 16 அன்று தொடங்கிவிட்டது; தேர்தல் கூட்டங்களில் மேடையில் இருந்தவர்களுக்கும் கவசம் இல்லை. ஊரடங்கு போட்டவர்களே கூட்டம் சேர்க்கும்போது, ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் குடிமகன் பொருள்கொள்வான்.

நான்காவது நிலைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மே 6 அன்று இந்தியாவில் ஒரே நாளில் 4 இலட்சத்து 14 ஆயிரம் தொற்றுகள் பதிவாயின. தமிழ்நாட்டின் உச்சம் மே 21 அன்று 36,000-ஐத் தாண்டியது. ஆனால் உங்கள் அப்பா கதவை மூடியது இந்த எண்களைப் பார்த்தா, அல்லது கைப்பேசியில் அடுத்தடுத்து வந்த இரங்கல் செய்திகளில் தெரிந்த பெயர்களைப் பார்த்தா என்று அவரையே கேட்டுப் பாருங்கள். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர்களுள் என் தங்கையின் கணவரும் ஒருவர். அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் அன்றைய எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மருத்துவர்களுக்காகத் தட்டுத் தட்டிய ஊர், ஒரு மாதம்கூட ஆகாமல், தொற்றால் இறந்த மருத்துவரைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தது. இது நன்றிகெட்டத்தனம் அல்லவா?

பதில்: நன்றிகெட்டத்தனம் என்ற சொல் உங்கள் கோபத்துக்குப் பொருந்தும். நடந்தது இது: ஏப்ரல் 19 இரவு அந்த மருத்துவரின் உடல் ஒரு மயானத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மற்றொன்றில் தாக்குதலுக்கு உள்ளாகி, ஆம்புலன்ஸின் கண்ணாடி உடைந்து, ஊழியர்கள் காயமடைந்த பிறகு, அவருடைய சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி எடுத்துக் குழியை மூட நேர்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஆந்திரத்தைச் சேர்ந்த மற்றொரு மருத்துவரின் உடலைத் தகனம் செய்யவும் அம்பத்தூரில் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாத இறுதியில், அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் தட்டுத் தட்டியதும் கல்லெறிந்ததும் இரண்டு வெவ்வேறு மனங்களின் வேலை என்று நான் நினைக்கவில்லை. நோய் நம்முடையதன்று, அது மருத்துவமனை மதில்களுக்குள் நடக்கும் போர் என்று எண்ணியதால்தான் மாடியில் நின்று மருத்துவர்களை வாழ்த்த முடிந்தது. அந்தப் போரில் இறந்தவரின் உடல் நம் தெருவின் மயானத்துக்கு வந்தபோது, அதே எண்ணம் எல்லையைக் காக்கப் புறப்பட்டது. முறைப்படி மூடிக் கட்டி ஆழமாகப் புதைத்த உடலிலிருந்து மண் வழியாக வைரஸ் பரவாது என்பதை எளிய தமிழில் வீடு வீடாகச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்காது என்றே கருதுகிறேன். சொல்லப்பட்டதோ வேறு விதமாக இருந்தது. கையில் முத்திரை குத்தினார்கள், வாசலில் ஒட்டுவில்லை ஒட்டினார்கள், சென்னையில் நோயாளிகளின் வீடுகளைத் தகரம் வைத்து அடைத்தார்கள். நோயாளியைக் குற்றவாளியைப் போல அடையாளம் காட்டியதன் விளைவாக, தகரம் அடித்துவிடுவார்களே என்று அஞ்சிக் காய்ச்சலை மறைத்தவர்கள் பலர். அச்சத்தை மிகுதியாக்கினால் மக்கள் நோயைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டவர்கள், மக்கள் நோயை விட்டுவிட்டு நோயாளியிடமிருந்து ஓடியதைப் பார்த்தார்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): வெயில் ஏறினால் வைரஸ் செத்துவிடும் என்று படித்தவர்களும் சொன்னார்களே?

பதில்: நானும் சொன்னேன். கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று பரவியதும், சென்னையின் முதல் பெரிய ஏற்றமும் கத்திரி வெயிலில்தான் தொடங்கின.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நூறாண்டுகளுக்கு முன்பு வந்த பெருங்காய்ச்சலின்போதும் மக்கள் இப்படித்தான் இருந்தார்களா?

பதில்: பெரும்பாலும் இப்படித்தான். 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த இன்ஃபுளுவென்சா, முதல் சுற்றில் பலரைப் படுக்கையில் தள்ளினாலும் உயிர்ச்சேதம் குறைவாகவே இருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்ற எண்ணம் நிலைத்துவிட்ட நிலையில், செப்டம்பரில் திரும்பி வந்த இரண்டாவது சுற்று, நாட்டில் மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம் பேருக்குக் குறையாமல் கொண்டுபோனது என்று மதிப்பிடுகிறார்கள். முதல் அலை மென்மையாக இருந்ததே இரண்டாவது அலைக்கு வாசலைத் திறந்துவைத்தது என்பதை 2021-இல் நாம் மறுபடியும் கண்டோம்.

இன்னொரு காட்சி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தைச் சேர்ந்தது. அங்கே 1918 அக்டோபரில் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நவம்பர் 21 அன்று நண்பகல் சங்கொலி எழுந்ததும் மக்கள் தெருவில் நின்று கவசங்களைக் கழற்றி எறிந்து கொண்டாடினார்கள். தொற்று மீண்டும் ஏறி, ஜனவரியில் கட்டாயம் திரும்பியபோது, முன்பு கீழ்ப்படிந்த அதே நகரத்தில் கவச எதிர்ப்புச் சங்கம் என்ற அமைப்பு தோன்றி, அதன் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். முதல் முறை கேட்டபோது மக்கள் கொடுத்தது ஒத்துழைப்பு. முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை கேட்டபோது அவர்களுக்கு அது ஏமாற்றமாகத் தோன்றியது. நோய் தணிவதற்குத் தடுப்பு நடவடிக்கையும் ஒரு காரணம் என்றாலும், தடுக்கப்பட்ட மரணத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே 'ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்ற கேள்வி தடுப்பு பலித்த இடத்தில்தான் மிக உரக்க எழுகிறது. இந்த முரணுக்கு இன்றுவரை எந்த அரசும் நல்ல பதில் கண்டதாகத் தெரியவில்லை.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): தடுப்பூசி என்றால் ஓடி ஒளிந்த எங்கள் ஊர்க்காரர்கள், சில மாதங்களில் அதற்காக முண்டியடித்தார்கள். எந்தப் பிரசாரம் அவர்களை மாற்றியது?

பதில்: பிரசாரத்துக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது பெரிய பங்கு அன்று. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகவே செய்தியாளர்கள் முன்னிலையில் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17 அன்று காலமானார். இரத்தக்குழாய் அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழுவும் அந்த ஆண்டிலேயே தெரிவித்தது. ஆனால் அந்த இரண்டு நாள் இடைவெளியை எந்த விளக்கத்தாலும் அழிக்க முடியவில்லை. அடுத்தது நடந்தால் முந்தியதே காரணம் என்று கொள்வது மனித இயல்பு.

அந்த எண்ணத்தை மே மாதத்து இறப்புகள் வென்றன. ஜூனில் தடுப்பூசி இருப்பு இல்லை என்ற பலகையைப் பார்த்து மக்கள் திரும்பிப் போனார்கள். கிடைக்காத பொருளுக்கு உண்டாகும் மதிப்பும் அதற்கு உண்டாயிற்று. செப்டம்பர் 12 ஞாயிறன்று மாநிலம் முழுவதும் நடந்த முகாம்களில் ஒரே நாளில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். பின்னர் முகாம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஞாயிறன்று அசைவமும் மதுவும் சாப்பிடுகிறவர்கள் ஊசி போடத் தயங்குகிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். மக்களின் தயக்கத்தைக் கேலி செய்யாமல், அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கிழமையை மாற்றிய அதிகாரி யாரோ, அவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

கேள்வி (சேலம் வாசகி): 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. பற்றிச் செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் கவசம் வாங்க ஓடினார்கள், மீதிப் பேர் கேலி செய்தார்கள். யார் செய்தது சரி?

பதில்: இரு தரப்பும் வைரஸைப் பார்க்கவில்லை, 2020-ஐத்தான் பார்த்தார்கள். ஓடியவர்களுக்குத் தாம் தாமதமாக விழித்த நினைவு. கேலி செய்தவர்களுக்குத் தாம் வீணாகப் பால் பாக்கெட்டைக் கழுவிய நினைவு. தமிழ்நாட்டில் அப்போது உங்கள் சேலத்தில் ஒன்றும் சென்னையில் ஒன்றும் கண்டறியப்பட்டதால் பதற்றம் கூடியது உண்மைதான். ஆனால் அந்த வைரஸ் 2001-இலேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே சளிக்காய்ச்சலாக அதைக் கடந்து வந்திருப்போம். மனித உடல் இதுவரை சந்தித்திராத வைரஸும், அண்மையில் நாம் பெயரைக் கேள்விப்பட்ட வைரஸும் ஒன்றல்ல. உங்கள் அலுவலகத்தில் யாராவது, 'இது புதியதா, அல்லது நமக்குத்தான் புதியதா?' என்று கேட்டிருந்தால், அவர் செய்ததே சரி. கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ள பெரியவரோ வீட்டில் இருப்பவர் கவசம் வாங்கியிருந்தால், அவரையும் கேலி செய்ய வேண்டியதில்லை.