தோற்காமலே ஊர் திரும்பியவர்கள்

பந்து வாத்தியார் பதில்கள்

கே: எங்கள் ஊர்ப் பொங்கல் டோர்னமென்டுக்கே 32 டீம் வருகிறது. உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் முதல் சீசனில் 15 டீம்தான் ஆடியதாமே?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: 15 டீம் பெயர் கொடுத்தன. அத்தனையும் ஆடவில்லை, தம்பி.

1871 ஜூலை 20-ம் தேதி லண்டனில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கூட்டம். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் செயலாளர் சார்லஸ் ஆல்காக், சங்கத்து கிளப்புகளுக்குள் ஒரு கோப்பை நடத்தலாம் என்று யோசனை சொன்னார். அவர் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கு இடையே 'தோற்றவர் வெளியே' முறையில் போட்டி நடக்கும். அதைத்தான் நாட்டளவுக்குப் பெரிதாக்கினார். சங்கத்தில் 50 கிளப் இருந்தும் வந்தவை 15. மற்றவர்களுக்கு நட்பு ஆட்டமே போதுமாக இருந்தது.

முதல் சுற்று நவம்பர் 11. ஒரே நாளில் நான்கு ஆட்டம். கிளாப்ஹாம் ரோவர்ஸின் ஜார்விஸ் கென்ரிக் அடித்ததுதான் அந்தக் கோப்பையின் முதல் கோல். அந்தச் சுற்றில் நடந்த ஆட்டங்களே அவ்வளவுதான். 15 என்பது ஒற்றைப்படை என்பதால் ஹாம்ஸ்டெட் ஹீத்தன்ஸுக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று, கிடைத்தது. ஹாரோ செக்கர்ஸும் ரைகேட் பிரையரியும் விலகிக்கொண்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த குயின்ஸ் பார்க்கும் லிங்கன்ஷையரிலிருந்து வந்த டோனிங்டன் பள்ளியும் எங்கே ஆடுவது என்பதில் ஒத்துப்போகவில்லை. இருவரையும் மேலே அனுப்பினார்கள். ட்ரா ஆனால் மறுபடி ஆடச் சொல்வதா, இருவரையும் அனுப்புவதா என்பது கமிட்டியின் இஷ்டம். 0-0 ஆடிய கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் அப்படித்தான் சேர்ந்தே மேலே போயின.

26 வருடம் சார்ட் பேப்பரில் ஃபிக்ஸ்சர் போட்டவன் நான். அந்த முதல் சீசனின் சார்ட்டை முதலில் பார்த்தபோது தலை சுற்றியது. கோப்பையை வென்ற வாண்டரர்ஸ், இறுதிப் போட்டிக்கு முன் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்திருக்கிறார்கள், கிளாப்ஹாம் ரோவர்ஸை 3-1. முதல் சுற்றில் எதிரணி வரவில்லை. கால் இறுதி 0-0, இருவரும் உள்ளே. அரை இறுதியும் 0-0. ஆனாலும் எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. யாருமே செய்து பார்க்காத ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

கே: அப்போதும் வலை, பெனால்டி, ரெஃப்ரி எல்லாம் இருந்ததா சார்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குளச்சல்

ப: வலை கிடையாது மக்களே. பெனால்டியும் கிடையாது. இரண்டும் வர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. இரண்டு கம்பங்களுக்கு மேலே எட்டடி உயரத்தில் ஒரு நாடா கட்டியிருப்பார்கள், குறுக்குக் கட்டை இல்லை. பந்து நாடாவுக்குக் கீழே போனதா மேலே போனதா என்று எத்தனை சண்டை வந்திருக்கும், யோசித்துப் பார். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இரு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும். அணிக்கொரு அம்பயர்; அவர்கள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால்தான் ரெஃப்ரியிடம் கேட்பார்கள்.

ஆனால் 11 பேர், ஒன்றரை மணி நேரம் என்பது அந்த முதல் கோப்பையின் விதியிலேயே இருந்தது.

கே: இறுதிப் போட்டியில் பொய்ப் பெயரில் ஒருவர் கோல் அடித்தாராமே? அதில் ஆடிய ஒருவர் சென்னைக்காரர் என்றும் கேள்விப்பட்டேன்.
— வாசகர், திருச்சி

ப: இரண்டும் உண்மை. 1872 மார்ச் 16, லண்டன் கென்னிங்டன் ஓவல், கிரிக்கெட் மைதானம். அந்த வருடம்தான் ஆல்காக் சர்ரே கிரிக்கெட் சங்கத்துக்கும் செயலாளர் ஆனார். நுழைவு ஒரு ஷில்லிங். சுமார் 2,000 பேர் வந்தார்கள்.

எதிரணி ராயல் இன்ஜினியர்ஸ், ராணுவப் பொறியாளர்கள். ஜெயிப்பார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது அவர்களைத்தான். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அவர்களுடைய லெப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்குக் காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லாத காலம். மனிதர் வெளியே போகவில்லை, அந்தத் தோளோடு கடைசி வரை மைதானத்தில் நின்றார். சுமார் 15 நிமிடத்தில் வாண்டரர்ஸின் வால்போல் விடால் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்க, மார்ட்டன் பெட்ஸ் உள்ளே தள்ளினார். 1-0. அதோடு முடிந்தது.

பெட்ஸ் ஆட்டப் பட்டியலில் 'ஏ. எச். செக்கர்' என்று இருந்தார். ஒரு ஹாரோ செக்கர் என்று அர்த்தம். முதல் சுற்றில் வாண்டரர்ஸோடு ஆடாமல் விலகியதே, அதே ஹாரோ செக்கர்ஸின் ஆள் அவர்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. விடால் அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாணவன், வயது 18. அதே அணியில் ஆடிய எட்வர்ட் போவன் ஹாரோவில் வாத்தியார், வயது 35. பையன்களோடு இறங்கி ஆடும் வாத்தியார்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்கள் கேட்ட சென்னைக்காரர் வில்லியம் கிரேக். மதராஸில் 1852-ல் பிறந்து ஹாரோவில் படித்தவர், வாண்டரர்ஸுக்காக ஆடினார். எதிரணியில் ரென்னி-டெய்ல்யூர் முசோரியில் பிறந்தவர். இருவருமே இங்கே இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள்.

கே: அந்த முதல் கோப்பை இப்போது எங்கே இருக்கிறது?
— வாசகி, காரைக்கால்

ப: எங்குமில்லை அம்மா. 20 பவுண்டு செலவில் செய்த சின்ன வெள்ளிக் கோப்பை அது. 1895-ல் ஆஸ்டன் வில்லா ஜெயித்து, பர்மிங்ஹாமில் ஒரு கடைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தார்கள். செப்டம்பர் 11 இரவு திருட்டுப் போயிற்று. கிடைக்கவே இல்லை. வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம்.

கே: முன்பு ஒருமுறை, முதல் சீசனில் உங்கள் டீம் குயின்ஸ் பார்க் என்று எழுதியிருந்தீர்கள். கோப்பையை வெல்லாத டீம் மீது ஏன் அவ்வளவு பிரியம்?
— ஓய்வு பெற்ற தபால்காரர், தூத்துக்குடி

ப: அண்ணாச்சி, அவர்கள் வெல்லவில்லை, சரி. தோற்கவும் இல்லையே!

குயின்ஸ் பார்க் 1867-ல் கிளாஸ்கோவில் தொடங்கிய கிளப். கோப்பை வாங்க வசூல் செய்தபோது அவர்களும் ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்தார்கள். முதல் சுற்று ஆடாமல் போனது. இரண்டாம் சுற்றிலும் அதே டோனிங்டன் பள்ளியோடு சேர்த்தார்கள், பள்ளி விலகிவிட்டது. கால் இறுதியில் 'பை'. ஆக, ஒரு உதைகூட உதைக்காமல் அரை இறுதி. அது ஓவலில். கிளாஸ்கோவிலிருந்து லண்டன் 600 கிலோமீட்டருக்கு மேல். கைக்காசு, ஊரார் கொடுத்த காசு, ரயில் பயணம். வாண்டரர்ஸை 0-0 என்று நிறுத்தினார்கள். மறு ஆட்டத்துக்கு இன்னொரு முறை லண்டன் வரப் பணம் இல்லை. விலகிவிட்டார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போனது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1987 நினைவுக்கு வரும். எங்கள் ஊர் கோயில் திருவிழா டோர்னமென்ட். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு டீம் மீன் லாரியில் வந்தது. பாதிப் பேருக்கு பூட்ஸ் இல்லை. அரை இறுதியில் உள்ளூர் டீமோடு 1-1. வெளிச்சம் குறைந்துவிட்டது. நாளை மறு ஆட்டம் என்று கமிட்டி சொன்னது. கமிட்டியில் நானும் இருந்தேன். அவர்களுடைய கேப்டன் என்னிடம் வந்து, "சார், நாளைக்கு வள்ளம் போகணும். இப்பவே பத்து நிமிஷம் ஆடித் தீத்துருவோம்" என்றான். விதி விதிதான் என்று கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். யாரும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. உள்ளூர் டீம் கோப்பை வாங்கியது. அடுத்த வருடம் எங்கள் விதிப் புத்தகத்தில், வெளியூர் டீம் ட்ரா செய்தால் அன்றே கூடுதல் நேரம், தங்கல் செலவு கமிட்டியுடையது என்று எழுத வைத்தேன். அந்த டீம் திரும்ப வரவில்லை.

குயின்ஸ் பார்க்குக்கு வருவோம். அதே 1872 நவம்பர் 30-ம் தேதி கிளாஸ்கோவில், பார்டிக் பகுதியின் ஹாமில்டன் கிரசன்ட் மைதானத்தில், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. ஸ்காட்லாந்து அணியின் 11 பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள்தான். இந்த முறை இங்கிலாந்துக்காரர்கள் ரயில் ஏறி வர வேண்டியிருந்தது. அதுவும் 0-0.