மூன்று மாதப் படிப்பில் சேருமுன்: கேள்வி பதில்

பல்கலைக்கழகங்களின் குறுகிய காலத் திறன் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் எழுதுவதும் விடைகளை மதிப்பிடுவதும் என் வேலை. வந்த கேள்விகளில் சில:

பட்டம் பெற்றவர்களே வேலை தேடும்போது, இந்தச் சான்றிதழை யார் மதிப்பார்கள்?

சான்றிதழின் வாசகத்தைப் பாருங்கள். ‘பங்கேற்றார்’ என்று மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. என்ன செய்யக் கற்றார், எத்தனை மணி நேரம் உழைத்தார், எப்படிச் சோதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இத்தகைய சான்றிதழ்கள் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையும் இவற்றைக் கட்டாய விவரங்களாகக் கேட்கிறது. வேலைக்கு எடுப்பவர் தேடுவதும் இவற்றைத்தான்.

வேலையை விடாமல் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள். ஐரோப்பிய முறையில், படிப்பின் அளவைக் குறிக்கும் அலகான ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஐந்து கிரெடிட் படிப்பை 12 வாரத்தில் முடிக்க, வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். எந்த நேரத்தில் படிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், மொத்த நேரம் குறையாது. இதைச் சொல்லாமல் ஆள் சேர்ப்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். பாதியில் நின்றுபோகும் பலர் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது நேரம்தான்.

இதைப் பின்னால் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வார்களா?

சில இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தும் விநியோகச் சங்கிலி ‘மைக்ரோமாஸ்டர்ஸ்’ என்ற முதுகலைத் தரச் சான்றிதழ்ப் படிப்பை இணையத்தில் முடித்தவர்கள், விண்ணப்பித்துத் தேர்வானால், வளாகத்தில் ஒரு பருவம் படித்தே முதுகலை பெறலாம். உங்கள் படிப்புக்கு அப்படி வழி உண்டா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதைச் சேர்த்துப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் திறன்களில் உங்களிடம் இல்லாதது எது என்று பாருங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.

நான் கல்லூரி ஆசிரியர். நிறுவனங்களுக்குத் தேவையான பாடத்திட்டத்தை எப்படி எழுதுவது?

மேலாளரிடம் ‘என்ன திறன் வேண்டும்’ என்று கேட்டால், ‘தகவல் தொடர்பு, குழுப்பணி’ என்றுதான் பதில் வரும். மேற்பார்வையாளரிடம் போய், ‘போன மாதம் சேர்ந்தவர் எங்கே தடுமாறினார்?’ என்று கேளுங்கள்.

கிடங்கு மேலாண்மைப் படிப்பு ஒன்றுக்கு, தேவையைக் கணிக்கும் சூத்திரங்களுக்கென்று மூன்று வாரம் ஒதுக்கியிருந்தோம். மேற்பார்வையாளர் ஒருவர் இருப்புத் தாள் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். ஒரே பொருளை ஒரு வரியில் பெட்டியாகவும் நான்கு வரி தள்ளி உதிரியாகவும் எண்ணியிருந்தார்கள். புதியவர்கள் இரண்டையும் அப்படியே கூட்டிவிடுகிறார்கள் என்றார். சூத்திரங்களை ஒரு வாரமாகக் குறைத்தோம். பெயர்களை நீக்கிவிட்டு, அந்தத் தாளையே முதல் பயிற்சியாகக் கொடுத்தோம். முதல் அணியில் பாதிப் பேர் அதே தவற்றைச் செய்தார்கள். அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு தாளிலேயே போனது.