1946-47 இங்கிலாந்து கால்பந்து லீக் சீசனில் லிவர்பூல் தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் சாம்பியன் ஆனது. ஏன்?

குளிர்தான் முதல் காரணம். 1947 ஜனவரிக் கடைசியில் பிடித்த பனி மார்ச் வரை இங்கிலாந்தை விடவில்லை. மைதானங்கள் உறைந்துபோய் ஆட்டங்கள் வரிசையாகத் தள்ளிப்போயின. வாரநாட்களில் ஆடி ஈடுகட்டலாம் என்றால், ஆலை உற்பத்தி கெடக் கூடாது என்று அரசு அதற்கும் தடை போட்டது. ஆக, சீசன் ஜூன் 14 வரை இழுத்தது.

மே 31 அன்று லிவர்பூலின் கடைசி ஆட்டம், வுல்வ்ஸோடு (வுல்வர்ஹாம்ப்டன் அணி), அவர்கள் மைதானமான மோலினோவில். நல்ல வெயில். வுல்வ்ஸ் 56 புள்ளி, லிவர்பூல் 55. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான், 3 அல்ல. லிவர்பூலின் ஜாக் பால்மர் முதல் கோலைப் போட்டார். அடுத்து பாப் பிரிடே நீளமாக அனுப்பிய பந்தைத் துரத்தி ஆல்பர்ட் ஸ்டப்பின்ஸ் பாய்ந்தார். பக்கத்திலேயே வுல்வ்ஸ் கேப்டன் ஸ்டான் கல்லிஸ். அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் கோல் விழுந்திருக்காது. அவர் இழுக்கவில்லை. லிவர்பூலுக்கு 2-1 வெற்றி. கோப்பையைக் கைநழுவ விட்டாலும், அந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் கல்லிஸ்தான்.

லிவர்பூல் 57 புள்ளியோடு முடித்தது. ஆனால் 55 புள்ளியில் இருந்த ஸ்டோக் சிட்டிக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் அவர்களும் 57. பலர் தடுமாறுவது இங்கேதான்: அப்போது கோல் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். லிவர்பூலுக்கு 84-ஐ 52-ஆல் வகுத்தால் 1.615. ஸ்டோக் அதுவரை போட்டது 89, வாங்கியது 51, அதாவது 1.745. வெறும் 1-0 போதும், கோப்பை ஸ்டோக்குக்கு. அப்படிப்பட்ட நேரத்தில்தான், மே மாதம், தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸை பிளாக்பூல் அணிக்கு விற்றிருந்தார்கள்! லிவர்பூல் செய்தது நேர் எதிர்: 1946 செப்டம்பரில் 12,500 பவுண்டு கொடுத்து ஸ்டப்பின்ஸை வாங்கியது. லீக்கில் அவரும் பால்மரும் ஆளுக்கு 24 கோல்.

ஜூன் 14 அன்று ஷெஃபீல்டில் ஸ்டோக் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றது. அதே நேரம் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் உள்ளூர்க் கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டனோடு ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் ஒலிபெருக்கியில் ஷெஃபீல்டு முடிவைச் சொன்னார்கள்.