கிளாரினெட் பழகத் தொடங்கிய மாணவர்களின் நாதத்தையும் சுருதியையும் எப்படிச் சரிசெய்வது?

முழுக் கருவியை ஒதுக்கிவிட்டு, மவுத்பீஸையும் (வாயில் வைக்கும் பகுதி) பேரலையும் (அதற்கு அடுத்த சிறு குழாய்) மட்டும் சேர்த்து ஊதச் சொல்லுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட் என்றால் டியூனர் (சுருதி காட்டும் கருவி) எஃப் ஷார்ப் சுரத்தின் பக்கம் காட்ட வேண்டும். கீழே இறங்கினால் பெரும்பாலும் உதடு தளர்ந்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும். மேலே ஏறி ஒலியும் மெலிந்தால், மவுத்பீஸில் பொருத்திய மெல்லிய நாணல் தகடான ரீடைக் கடிக்கிறார்கள். இந்தக் கடிதான் பெரிய தொல்லை. மோவாயைத் தட்டையாக வைத்து, உதட்டோரங்களை உள்நோக்கி இறுக்கினால் குறையும். ரீடின் கடினத்தைக் காட்டும் எண் 2 அல்லது 2½ போதும்.

அப்புறம் நீண்ட சுரங்கள். மெல்லத் தொடங்கி, உரக்க ஊதி, மறுபடி தணிக்கட்டும். உரக்க ஊதும்போது கிளாரினெட்டின் சுருதி இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். அதை முதலில் காது பிடிக்கட்டும், டியூனர் பிறகு. ஆனால் சில நிமிடம் ஊதிச் சூடாக்கியபின்தான் சுருதி சேர்க்க வேண்டும். அப்போதும் ஏறியிருந்தால் பேரலைச் சற்று வெளியே இழுங்கள்.