அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நடைப்பயிற்சி பற்றி எழுதியபோது, போகிறபோக்கில் 'எனக்குச் சர்க்கரை வந்து பத்தொன்பது வருஷமாகிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் இந்தக் கடிதத்தை எழுதத் தைரியம் தந்தது.

எனக்கு வயது 46. தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சர்க்கரை ஏழு வருடமாக, பிரஷர் மூன்று வருடமாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்கும் தேதி நெருங்கினால் நான்கு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல், மொட்டை மாடியில் நடையோ நடை என்று நடப்பேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே வரும். ஆனால் மூன்று மாதச் சராசரி டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். போன வருடம் 9.1 வந்தது. "டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நீங்களே இப்படியா?" என்றார் டாக்டர். கதவு திறந்திருந்தது. வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தவணை போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரைகளை வாங்கிக்கொள்கிறேன் (காலை மாத்திரையைப் பள்ளி நாட்களில் போடுவதில்லை, வயிறு ஒத்துக்கொள்வதில்லை). வீட்டில் கேட்டால் 'நார்மல்' என்று சொல்லிவிடுகிறேன். முப்பது பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற எனக்கு என் மார்க்கைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? வாழ்நாள் முழுக்க நோயாளியாகவே இருந்து தீர்க்க வேண்டியதுதானா? மறுபடி அந்த டாக்டர் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்கார்வது?

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் அந்த அடைப்புக்குறி கண்ணில் பட்டது. சோறு, இனிப்பு, மனக்கட்டுப்பாடு, முகம் எல்லாவற்றையும் வெளியில் வைத்துவிட்டு, விஷயத்தைக் கொண்டுபோய் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். பள்ளி நாட்களில் காலை மாத்திரை கிடையாது. அதாவது வாரத்தில் ஐந்து நாள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படுவது மெட்ஃபார்மின். வயிற்றைக் கலக்குவது அதன் பிரசித்தி பெற்ற குணம். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லியோடு அதை விழுங்கிவிட்டு, பத்தரை மணிக்கு முப்பது பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓட முடியுமா? ஓடினாலும், ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை உங்கள் பள்ளியில் இருக்கிறதா? என் மனைவியும் ஆசிரியையாக இருந்தவள். தண்ணீர் குடிக்காமலேயே முப்பது வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்வாள். நீங்கள் 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று உங்களைத் திட்டிக்கொள்வதில் பாதி, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதை.

இதே மருந்து மெதுவாகக் கரையும் வகையிலும் கிடைக்கிறது. அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்றோ எக்ஸ்.ஆர். என்றோ போட்டிருக்கும். பலருக்கு அது வயிற்றை அவ்வளவு படுத்துவதில்லை. அதை ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொல்லும் வழக்கமும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் அந்த அடைப்புக்குறி அவருக்குத் தெரிய வேண்டுமே. ஏழு வருஷத்தில் ஒருதடவையாவது அவரிடம் சொன்னீர்களா? வயிறு கலக்குகிறது என்பதைப் பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்திருக்கும்.

டாக்டரிடம் பொய் சொன்னதில் எனக்கு அனுபவம் உண்டு. 2011-இல் எனக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்று இன்னொரு மாத்திரையும் எழுதியிருந்தார்கள். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கிற சாதி. நான் நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "போடுறேன் சார்" என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையை ஆட்டினேன். ரிப்போர்ட்டில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? ஒரு மில்லிகிராமை இரண்டாக்கினார். சரியான கணக்குதான். நான் கொடுத்த எண்தான் தப்பு.

அந்த வாரமே எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. ஒரு வேளைகூட விடாமல் போட ஆரம்பித்தேன். நான்காம் நாள் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ். மதியம் சாப்பிட நேரமில்லை. மார்கழி மாதம், ஜன்னலோர சீட்டு, சாத்தூர் தாண்டும்போது சட்டை நனைந்து ஒட்டுகிறது. கை நடுங்குகிறது. கண்டக்டரிடம் ஏதோ சில்லறை விவகாரத்தில் எரிந்து விழுந்தேன். காரணமில்லாத கோபமும் சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களில் ஒன்று என்பது அப்போது தெரியாது. பக்கத்து சீட்டு ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சுகரு இருக்கா ஒமக்கு?" என்று கேட்டாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கடலைமிட்டாய் பாக்கெட் வாங்கிப் பிரித்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி என் வாயில் திணித்தாள். 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

ஆச்சி செய்தது புண்ணியம். ஆனால் வைத்திய முறைப்படி கடலைமிட்டாய் சரியான தேர்வில்லையாம். நிலக்கடலையின் கொழுப்பு, வெல்லம் ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். இப்படி ஆகும்போது மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு என்று பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் ஜோல்னாப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாத நாள் கிடையாது.

உங்களை நினைத்தால் எனக்குப் பயம் இதில்தான். நீங்கள் போடாத மாத்திரையைப் போடுவதாக நம்பித்தான் டாக்டர் ஏழு வருஷமாகச் சீட்டு எழுதிவந்திருக்கிறார். அந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து, அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்திருக்கலாம். உங்களிடம் இருப்பது, இல்லாத ஓர் ஆளுக்கு எழுதின சீட்டு. அதைத்தான் மெடிக்கலில் நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்று மாதச் சராசரியைப் பற்றி. எச்பிஏ1சி என்கிற அந்த டெஸ்ட் பார்ப்பது, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை. ஒட்டினது பிறகு விலகாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அதனால்தான் அது இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. உங்கள் நான்கு நாள் விரதத்தை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. அதற்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. இன்னொன்று, இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் வயதில் மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகிச் சோகை பிடிப்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த 9.1-இல் எவ்வளவு உங்கள் சர்க்கரை, எவ்வளவு உங்கள் சோகை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதை மார்க் என்று சொல்கிறீர்கள். எனக்கு ஈபி ரீடிங்தான் ஞாபகம் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போவாரே, அது. யூனிட் கூடியிருந்தால், 'லீவுக்குத் தங்கச்சி பிள்ளைகள் வந்திருந்தார்களா, மோட்டார் நிறைய ஓடினதா' என்று யோசிப்போம். அவர் வருவதற்கு நான்கு நாள் முன்னால் ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்க மாட்டோம். சொல்கிறேனே தவிர, நானும் உட்கார்ந்தவன்தான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற ரத்தத்துக்காக லேபுக்கு டிபன் பாக்ஸில் ஐந்து இட்லி கொண்டுபோய், இரண்டை மட்டும் தின்றுவிட்டு மூன்றை மூடிவைத்திருக்கிறேன். ரத்தம் எடுக்கிற பெண் பார்த்துவிட்டாள். "சார், வீட்டுல எத்தனை சாப்பிடுவீங்களோ அத்தனையும் சாப்பிடுங்க. இல்லன்னா இந்த ஊசி எதுக்கு?"

இந்த விஷயத்தில் என் அப்பா என்னைவிடத் தெளிவானவர். தபால் ஆபீஸ்காரர். எழுபதுகளில் வீட்டில் ரத்தம் பார்க்கிற மெஷின் ஏது? காலையில் கொல்லைப்புறத்தில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து உட்கார்ந்துவிடுவார். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, நல்ல நீலமாக இருக்கும். அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு. இடுக்கியில் பிடித்துக் கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, முற்றினால் செங்கல் நிறம். ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும் என்பதால், நீலத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்த எத்தனை நாளில் உள்ளே 170 ஓடிக்கொண்டிருந்ததோ. அந்தக் காலத்துக்கு அவ்வளவுதான்.

அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். மூன்று பத்தி. தேதி, நிறம், குறிப்பு. மூன்றாம் பத்தியைத்தான் நான் இன்னும் எடுத்துப் படிப்பேன். 'செங்கல். பெரியக்கா மகள் கல்யாணம். லட்டு இரண்டு.' 'மஞ்சள். மழை. நடக்கவில்லை.' 'பச்சை.' 'செங்கல். ஊசி போடவில்லை. மருந்து தீர்ந்து இரண்டு நாள்.' 'ஆரஞ்சு. காரணம் தெரியவில்லை.' தபால் ஆபீஸில் நாள்கணக்கை முடிப்பது மாதிரி. குறைந்தால் குறைந்தது, கூடினால் கூடினது. பெரியாஸ்பத்திரி டாக்டர் முதல் இரண்டு பத்தியைத் தள்ளிவிட்டு மூன்றாவதைத்தான் படிப்பாராம். லட்டு வரியில் சிரிப்பார். ஊசி தீர்ந்த வரிக்கு வந்ததும், அடுத்த மாதத்திலிருந்து ஒரு பாட்டில் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

'வாழ்நாள் முழுக்க நோயாளியா' என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. வருஷத்துக்கு நான்கு காலைப்பொழுது லேப் பெஞ்சில் போகும். ஒருநாள் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். அன்று சாயந்தரம்வரை பஸ்ஸின் போர்டுகூடத் தெரியாது, யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள். வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கான டெஸ்ட், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. இரண்டு தவணை விட்டதில் இவையெல்லாம் எப்போது எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். தேதியைத் தேடிப் பாருங்கள். எனக்கு 9.1-ஐவிட அதில்தான் கவலை.

வீட்டில் 'நார்மல்' என்று சொல்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் மறுநாள் காலையே ஆவாரம்பூவும் கொய்யா இலையும் பாகற்காய்ச் சாறும் வந்து இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள், குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆள் வீட்டில் வேண்டும்.

சரி, எந்த முகத்தோடு போவது? அந்த டாக்டர் அப்படிச் சொன்னது தப்பு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னது இன்னும் தப்பு. ஒரு நாளைக்கு அவர் எத்தனை பேரைப் பார்த்தாலும் தப்புதான். ஆனாலும் உங்கள் ஏழு வருஷக் கணக்கு அவரிடம் இருக்கிறது, ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நர்சிடம் கேட்டாலே செய்வார்கள். சட்டென்று பேச்சு வராது என்றால் அரைத் தாளில் எழுதிக்கொண்டுபோய் நீட்டுங்கள்: காலை மாத்திரையைப் பள்ளி நாளில் போடுவதில்லை, வயிறு கலக்குகிறது, இரண்டு தவணை வரவில்லை. மூன்று வரி போதும். மிச்சமுள்ள மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைப் படித்த பிறகும் அவர் 'நீங்களே இப்படியா' என்று ஆரம்பித்தால், ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை தருகிறார்கள். 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிக் கொண்டுவருகிற பெண் யார் என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவரின் பாட்டிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

எனக்கு வருகிற வியாழக்கிழமை தவணை. இந்த மூன்று மாதத்தில் பொங்கல் வந்துபோனது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன், மூன்றாம் பத்தியில் 'கரும்பு' என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு இடத்தில் 'கரும்பு, பேத்தி கொடுத்தாள்'.

அன்புடன்.