ஊரடங்கு கால 188 வழக்கும் பாஸ்போர்ட்டும்

2021 ஏப்ரலில் தாராவியில் இட்லிக் கடை திறந்ததற்குப் போட்ட 188 வழக்கால் (பழைய இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 188: அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது) பாஸ்போர்ட் நிற்கிறது என்கிறீர்கள். முதலில் கோர்ட் வழக்கு விவரங்களைப் பார்க்கும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர் எண், ஆண்டு போட்டுத் தேடுங்கள். வெறும் எஃப்.ஐ.ஆர் நிலுவை வழக்காகாது. கோர்ட் அதை விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும்.

188-க்கு, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் புகார் தராமல் கோர்ட் ஏற்க முடியாது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 195). போலீஸ் சார்ஜ் ஷீட் மட்டும் போட்டிருந்தால் வக்கீல் பிடித்துக்கொள்ள வேண்டிய வாதம் இதுதான். கோர்ட் வழக்கை ஏற்பதற்கான கெடு ஓராண்டு, கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் விலக்கிய நாட்களைக் கழித்தாலும் 2023 பிப்ரவரியோடு சரி. பிரிவு 270-ஐயும் (கெட்ட எண்ணத்தோடு ஆபத்தான நோயைப் பரப்பும் செயல்) சேர்த்திருந்தால் கெடு மூன்றாண்டு, கவனம்.

அபராதம் கட்டித் தலைமுழுகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். வழக்கு நிலுவையில் இருந்தால் அதே கோர்ட்டில் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி கேளுங்கள். எத்தனை ஆண்டு என்று உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஓராண்டு பாஸ்போர்ட்தான் வரும்.